முப்பது ரூபாய் சக்கரும் நான்கு தாடி மீன்களும்

2021 ஜூலையில், சென்னை கொளத்தூரில் மீன் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் 30 ரூபாய் கொடுத்து ஒரு சக்கர் மீன் வாங்கினேன். சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. "இதைப் போட்டுவிடுங்கள், பிறகு தொட்டிக்குள் கையே வைக்க வேண்டாம். கண்ணாடியை அதுவே துடைத்துவிடும்" என்றார் கடைக்காரர். கடைகளில் அதற்கு இன்னொரு பெயர் டேங்க் கிளீனர். சம்பளமில்லாத வேலையாள் கிடைத்த மகிழ்ச்சியில் பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ஆட்டோவில் வந்தேன்.

அப்போது என்னிடம் இருந்தது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி. விளிம்பு வரை நிரப்பினால் 56 லிட்டர் பிடிக்கும். நான் ஊற்றியது 50 கூட இருக்காது. அதில் இரண்டு கோல்டு ஃபிஷ். தொட்டி கிழக்கு ஜன்னலோரம் இருந்ததால் காலை வெயில் நேராக விழும். இரவு பத்து மணி வரை விளக்கும் எரியும். இத்தனையும் செய்துவிட்டுப் பாசி படிகிறதே என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு வாரம் கடைக்காரர் சொன்னது பலித்தது. கண்ணாடி பளபளத்தது. மூன்றாவது வாரம் தொட்டியின் அடியில் கறுப்பு நூல்கண்டைப் பிரித்துப் போட்டதுபோல் கழிவு. சக்கர் தின்னும் பாசியில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்ததைத் தரையில் கொட்டும் வேலையைத்தான் அது செய்துகொண்டிருந்தது. முன்பு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி தேய்த்தவன், இப்போது வாரத்துக்கு இரண்டு முறை குழாய் போட்டு அடிக்கசடை உறிஞ்சி எடுக்க வேண்டியதாயிற்று.

மீனோ வளர்ந்துகொண்டே போனது. பதினொரு மாதத்தில் ஒரு சாண். தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த டெரிகோப்ளிக்திஸ் இனம் இது. முழு வளர்ச்சியில் ஒன்றரை அடியைத் தொடக்கூடியது. ஓரடி அகலத் தொட்டியில் அது திரும்புவதே பஸ் சந்துக்குள் திரும்புவதுபோல் இருந்தது. வாலை ஒருமுறை வீசினால் கல், செடி, சிப்பி எல்லாம் இடம் மாறிவிடும்.

2022 மே மாதம் ஒரு கோல்டு ஃபிஷ்ஷின் பக்கவாட்டில் செதில் உதிர்ந்து தோல் சிவந்திருந்தது. நோய் என்று நினைத்துக் கல்லுப்பைப் போட்டேன். மூன்று நாள் கழித்து இன்னொரு மருந்து. புண் பெரிதாயிற்றே தவிர ஆறவில்லை. ஒருநாள் விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்த கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் சக்கர் அட்டைபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. வளர்ந்த சக்கருக்குப் பசி வந்தால், உடம்பு அகலமாக, மெதுவாக நீந்தும் மீன்களின் மேல்பூச்சுக் கோழையை உறிஞ்சும் பழக்கம் உண்டு. பாசி தீர்ந்த தொட்டியில் அதற்கு நான் தனியாக ஒரு வாய் உணவும் போட்டதில்லை. வேலையாளுக்குச் சோறு போடாதவனுக்கு அவன்மேல் கோபப்பட என்ன உரிமை?

அன்று காலையே அதை வெளியே எடுக்க வலை போட்டேன். அடுத்த தவறு அது. நம் ஊர்க் கெளுத்திக்குச் செதில் கிடையாது, வழவழவென்று இருக்கும். இதுவும் கெளுத்திக் கூட்டம்தான், ஆனால் உடம்பு முழுக்க எலும்புத் தகடுகள், அவற்றின்மேல் நுண்ணிய முட்கள். துடுப்புகளின் முன்முள் விறைத்துக்கொண்டால் கொக்கிதான். வலை நூலில் நான்கு இடத்தில் மாட்டிக்கொண்டு முறுக்கியது. இழுத்தால் துடுப்பு கிழியும். கடைசியில் வாளித் தண்ணீருக்குள் வைத்தே நகவெட்டிக் கத்தரியால் வலையைக் கண் கண்ணாக வெட்டி விடுவித்தேன். இந்த வகை மீனைப் பிடிக்க வலையே வேண்டாம். ஐஸ்கிரீம் டப்பா போன்ற ஒன்றைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, கையால் மெல்ல உள்ளே தள்ளினால் போதும்.

"ரெட்டேரியில் விட்டுவிடுங்களேன், அதுவும் ஒரு ஜீவன்தானே" என்றார் மாடி வீட்டுக்காரர். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அப்படி ஜீவகாருண்யத்தோடு விடப்பட்ட சக்கர்கள்தான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகிக் கிடக்கின்றன. நம் நீர்நிலைகளில் இவற்றை அடக்கிவைக்கும் எதிரி இல்லை. ஆக்சிஜன் குறைந்த சாக்கடை நீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கி, இரைப்பை வழியாக மூச்சுவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடும். மீனவர் வலையில் சிக்கினால் வலைதான் கிழியும், விலை போகாது. எனக்கு அன்று காலை நடந்தது அவர்களுக்குத் தினமும் நடக்கிறது. மீனை வாளியோடு கொளத்தூருக்கே கொண்டுபோய், பெரிய தொட்டிகள் வைத்திருந்த ஒரு கடையில் காசு வாங்காமல் கொடுத்துவிட்டு வந்தேன். கோல்டு ஃபிஷ் இரண்டும் புண் ஆறியபின் அக்கா வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்குப் போயின.

காலித் தொட்டியைப் பார்த்தபோது மீன் வளர்ப்பையே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. பதினொரு மாதம் வீட்டில் இருந்த மீனை நான் ஒரு துடைப்பமாகத்தான் பார்த்திருந்தேன். இந்தமுறை பாசி தின்னும் கெளுத்தியையே முதன்மையாக வைத்து ஒரு தொட்டி கட்டுவது என்று முடிவு செய்தேன்.

தேர்ந்தெடுத்தது அன்சிஸ்ட்ரஸ். கடையில் பிரிஸில்நோஸ் என்பார்கள். சக்கரின் உறவுதான், ஆனால் ஐந்தாறு அங்குலத்துக்குள் வளர்ச்சி நின்றுவிடும். ஆணுக்கு மூக்கைச் சுற்றிச் சதைக் கொம்புகள் கொத்தாக முளைக்கும். பெண்ணுக்கு இருக்காது, இருந்தாலும் உதட்டோரம் ஒரு வரிசைதான். அந்தக் கொம்புகள் பார்க்கக் குஞ்சுகள்போல் இருப்பதால், "இவன் ஏற்கெனவே பிள்ளை காப்பவன்" என்று பெண் மீன் நம்பி வருகிறது என்றொரு கருத்து உண்டு. எங்கள் வீட்டில் அவற்றுக்குத் தாடி என்றே பெயராகிவிட்டது.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. குஞ்சுப் பருவத்தில் சக்கரும் பிரிஸில்நோஸும் ஒன்றுபோல் தெரியும். முதல் கடையில் எனக்குச் சக்கர் குஞ்சையே பிரிஸில்நோஸ் என்று காட்டினார்கள். முதுகுத் துடுப்பைப் பாருங்கள். முன்முள்ளை விட்டுவிட்டுக் கிளைக்கதிர்களை எண்ணினால் அன்சிஸ்ட்ரஸுக்கு ஏழு வரும். சக்கருக்குப் பத்தும் அதற்கு மேலும், விரித்தால் பாய்மரம்போல். கடைக்காரர் பைக்குள் மீனை வைத்துக்கொண்டு காத்திருக்க, நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கதிர் எண்ணியதை அந்தத் தெரு இன்னும் மறந்திருக்காது. இன்னொன்று, வயிறு. மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிவயிறு உள்வாங்கியிருந்தால் அது நாள்கணக்கில் பட்டினி. அதை வாங்கினால் பெரும்பாலும் பிழைக்காது. ஒன்றரை அங்குலத்தில் நான்கு குஞ்சுகள் எடுத்தேன்.

அதற்கு முன்பே தொட்டி தயாராகியிருந்தது. மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம். கிட்டத்தட்ட 125 லிட்டர். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம், அடியில் தெர்மோகோல் விரித்து வைத்தேன். விளக்குக்கு டைமர் போட்டு ஆறு மணி நேரமாகச் சுருக்கினேன். பாசிக்கான வைத்தியம் இவ்வளவுதான். ஒரு மீனும் விடாமலே பாசி பாதியாகக் குறைந்தது. மிச்சத்தை முன்கண்ணாடியில் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டுகிறேன். பின்கண்ணாடியையும் பக்கங்களையும் தொடுவதில்லை; அது மீன்களின் மேய்ச்சல் நிலம்.

வடிகட்டி நானே செய்தது. முக்கால் அங்குல பிவிசி குழாயில் ஓர் அடி வெட்டி, கீழ்ப்பாதியில் சூடுகம்பியால் துளைகள் போட்டு, பெரிய கண் கொண்ட கறுப்புப் பஞ்சுக் கட்டையில் செருகினேன். ஏர் பம்ப்பின் காற்றுக்குழாயைப் பிவிசி குழாயின் கழுத்தில் உள்ளே விட்டால், மேலேறும் குமிழிகள் தண்ணீரைப் பஞ்சு வழியாக இழுத்துக்கொண்டு போகும். இதுபோல் இரண்டு. தண்ணீர் பாதிக்குப் பாதி: எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 900-ஐத் தாண்டும், அதோடு குழாய் நீரைக் கலந்து, ஒருநாள் டிரம்மில் வைத்து, குளோரினைப் போக்கத் தயோசல்ஃபேட் கரைத்து ஊற்றினேன்.

பிறகு நான்கு வாரம் மீன் இல்லாத தொட்டி. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இந்த இரண்டும் பஞ்சில் குடியேறும்வரை தொட்டி நஞ்சுதான். பழைய தொட்டிப் பஞ்சைப் புதியதன்மேல் பிழிந்துவிட்டேன், தயிருக்கு உறை ஊற்றுவதுபோல. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுவந்தேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனைச் சொட்டில் நிறமே காட்டாத நாளில்தான் மீன்களை இறக்கினேன். "தண்ணீரை வளர்க்கிறானாம்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார். அவர் சொன்னது சரிதான்.

மரக்கட்டையும் வைத்தேன். இவை அதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். மேலே படியும் மென்படலம் அவற்றுக்குச் சாப்பாடு. காய்ந்த கொய்யாக் கிளையைப் பட்டை உரித்து, அண்டாவில் இரண்டு முறை கொதிக்கவைத்து, பத்து நாள் ஊறப்போட்டேன். அப்படியும் முதல் மாதம் தொட்டி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. மீனுக்கு அதனால் தீங்கில்லை. வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததுதான் தொல்லை.

சாப்பாடு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் முதலில் தவறியது அங்கேதான். வெளிநாட்டார் ஜுக்கினி போடச் சொல்வார்கள். எங்கள் தெருத் தள்ளுவண்டியில் அது கிடையாது, பீர்க்கங்காய் உண்டு. தோலைச் சீவி, விரல் நீளத் துண்டாக்கி, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, ஒரு எவர்சில்வர் முள்கரண்டியில் குத்தி, விளக்கு அணைந்தபின் அடியில் இறக்கினேன். முதல் நாள் சீண்டவே இல்லை. இரண்டாம் நாளும். மூன்றாம் நாள் காலையில் பீர்க்கங்காய் இருந்த இடத்தில் நார்க்கூடு மட்டும் கரண்டியில் தொங்கியது. சதை முழுவதும் வழித்தெடுக்கப்பட்டிருந்தது. வெள்ளரி, பரங்கி, பாலக்கீரை எல்லாம் இதே முறைதான். வாரத்தில் ஒருநாள் மூழ்கும் மாத்திரைத் தீனி. மிச்சத்தைக் காலையில் எடுத்துவிட வேண்டும். மறந்தால் மாலைக்குள் தண்ணீர் கஞ்சியாகிவிடும்.

"ஏண்டா, நீ தொடாத பீர்க்கங்காயை மீன் தின்கிறது பார்" என்றார் அம்மா. அன்றிலிருந்து பீர்க்கங்காய் வாங்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். துவையலுக்குத் தோல், மீனுக்குச் சதை.

இரவில் அவற்றைப் பார்க்க உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மனம் வராது. ஒன்று முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தபோது பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வட்டத் தட்டுபோல் விரிந்த உதடு, அதில் மணல்மணலாகப் புடைப்புகள். நடுவே இரண்டு வரிசைப் பற்கள், பேன் சீப்பைவிட நெருக்கமாக. சீப்பு முன்னே வந்து வழிக்கிறது, பின்வாங்குகிறது, மீன் ஒரு நூல் நகர்கிறது. கடந்துபோன பாதை பாசியில் பட்டையாகத் தெரியும். கண்ணிலும் ஒரு விந்தை. விளக்கு அணைந்திருக்கும்போது கருமணி வட்டமாக இருக்கும். டார்ச்சைக் காட்டிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால், மேலிருந்து ஒரு சிறு மடல் கருமணிக்குள் இறங்கி, வட்டம் பிறைபோல் ஒடுங்கிவிடும். இமையில்லாத மீன் வெளிச்சத்துக்குப் போட்டுக்கொள்ளும் திரை.

2023 ஏப்ரல், மே வெயிலில் தண்ணீர் 32 டிகிரி வரை போனது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் நிற்காது. மீன்கள் வடிகட்டிக் குமிழிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தன. மூடியை எடுத்துவிட்டு, நீர்ப்பரப்பின்மேல் சிறிய மேசை விசிறி ஓடவிட்டேன். ஆவியாவதால் மூன்று டிகிரி இறங்கியது. தினமும் இரண்டு லிட்டர் குறையும். மாம்பழக் காலம் முழுக்க ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அதே சமயத்தில் இரண்டுக்குத் தாடி முளைத்துவிட்டது. இரண்டு ஆண்களுக்கும் சண்டை வரும் என்று குகைகள் செய்யத் தொடங்கினேன். கொசப்பேட்டைக்குப் போய்ச் சுடுமண் கலயங்கள் வாங்கி, வாயை அளவாக உடைத்து, அரத்தால் விளிம்பு தேய்த்து, அழகாக அடுக்கினேன். ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக் குழாய் வேலையில் மிஞ்சிய ஒன்றரை அங்குல பிவிசித் துண்டை ஆறு அங்குலத்தில் வெட்டி, உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஒரு முனையில் மூடி செருகிப் போட்டேன். அன்றிரவே பெரிய ஆண் குடிபுகுந்தது. அதற்கு வேண்டியது அழகில்லை, இறுக்கம். உடம்பு உரசும் அளவு அகலம், ஒரே வாசல். அதைத் தன் தலையால் அடைத்துவிட முடிய வேண்டும்.

நவம்பர் மாதம் மழை பிடித்தது. தண்ணீர் மாற்றும்போதெல்லாம் டிரம் நீர் குளிர்ந்திருந்தது; தொட்டி 25-க்கு இறங்கியது. 28ஆம் தேதி காலை டார்ச் அடித்துப் பார்த்தால், குழாய்க்குள் ஆணின் வயிற்றுக்கடியில் ஆரஞ்சு உருண்டைகள். ஜவ்வரிசியைக் கேசரிப் பவுடரில் தோய்த்துக் கொத்தாக ஒட்டவைத்ததுபோல், ஐம்பதுக்குக் குறையாது. பெண்ணை அது வெளியே துரத்திவிட்டிருந்தது. இரவு பகலாகத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. நான்கு நாள் அது சாப்பிட வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. டிசம்பர் 3 மாலை முட்டைகளுக்கு வால் முளைத்திருந்தது: ஆரஞ்சு மூட்டையைச் சுமந்துகொண்டு துடிக்கும் கண்ணாடி நூல்கள்.

4ஆம் தேதி திங்கட்கிழமை மிக்ஜாம் புயல். விடிவதற்குள் மின்சாரம் போய்விட்டது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வெளியே ஊரே மிதக்கும்போது உள்ளே 125 லிட்டர் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. டார்ச் செல்லில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வைத்திருந்தேன். இரண்டு பெரிய செல்கள், மாற்றுக்கு இன்னும் இரண்டு. அவற்றை இரவுக்கு ஒதுக்கினேன். பகலில் மணிக்கு ஒருமுறை ஒரு சொம்பு நீரை மொண்டு, ஓரடி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றினேன். இருபது சொம்பு ஒரு தடவைக்கு. என் மகள் எண்ணுவாள், நான் சலிக்கும்போது அம்மா ஊற்றுவார். தீனியை முழுவதும் நிறுத்தினேன். தின்னாத மீன் அசுத்தமும் செய்யாது. புயல் குளிரில் தண்ணீர் 24 டிகிரியில் நின்றது. மே மாதத்தில் இதே மின்வெட்டு வந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

மூன்று பகல், இரண்டு இரவு. புதன் மாலை மின்சாரம் வந்ததும் சுவிட்சை நோக்கி ஓடியவன், நல்லவேளை, பாதியில் நின்றேன். காற்றோட்டமில்லாமல் கிடந்த பஞ்சுக்குள் பாக்டீரியா செத்து அழுகத் தொடங்கியிருக்கும்; அப்படியே ஓடவிட்டால் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள்தான் இறங்கும். முகர்ந்து பார்த்தேன், ஓரமாக ஒரு அழுகிய முட்டை வாடை. தொட்டி நீரையே வாளியில் எடுத்து அதில் பஞ்சை மூன்று முறை அலசிப் பிழிந்தேன். குழாய் நீரில் அலசியிருந்தால் மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாவையும் குளோரின் கொன்றிருக்கும். பூஜ்யமாக இருக்க வேண்டிய அம்மோனியா 0.5 காட்டியது. அடுத்த ஐந்து நாள் தினமும் கால்பங்கு தண்ணீர் மாற்றினேன்.

பெரிய ஆண் அத்தனை நேரமும் குழாயை விட்டு நகரவில்லை. குமிழி நின்ற நேரத்தில் மற்ற மூன்றும் மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போயின. இது ஒருமுறைகூட வந்ததை நான் பார்க்கவில்லை. விசிறல் மட்டும் வேகமாயிற்று. 9ஆம் தேதி முதல் குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து கண்ணாடியில் ஒட்டின. வெள்ளை எள்ளுக்கு வால் வைத்ததுபோல், ஆனால் அதற்குள்ளேயே அந்த வட்ட வாயும் வழிக்கும் பழக்கமும் வந்திருந்தது. நான் சுரண்டாமல் விட்ட பின்கண்ணாடிதான் அவற்றின் முதல் சாப்பாடு. வேகவைத்த பாலக்கீரை இலையை இரண்டு வேளை மாற்றிப் போட்டேன். மாத இறுதியில் எண்ணியபோது 37. பெரும்பாலானவை முக்கால் அங்குலம் ஆனதும் கொளத்தூருக்குப் போயின. அதற்கு ஈடாக ஒரு புது ஏர் பம்ப்பும் ஆறு மாதத்துக்கான தீனியும் வாங்கினேன். கதிர் எண்ணிய கதையை அந்தக் கடைக்காரரே நினைவுபடுத்தினார். குஞ்சுகளை வாங்க வருபவர்களிடம் டேங்க் கிளீனர் என்று சொல்லி விற்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். சிரித்தார், என்ன சொல்லி விற்றாரோ.

பொங்கலுக்கு வீட்டுக்கு வண்ணம் அடிக்க ஆள் வந்தார். தொட்டியை நகர்த்தினால்தான் அந்தச் சுவரை அடிக்க முடியும். நகர்த்துவதற்கு முந்தைய இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய்க்குள் மறுபடியும் ஆரஞ்சு. அந்த ஒரு சுவர் மட்டும் இன்னும் பழைய நிறத்தில் இருக்கிறது.